அரக்குத் தொப்பிக்காரர்கள் எந்தப் பக்கம்?

கீழ்ப்பாக்கத்தில் ஒரு மூட்டு மருத்துவரின் கிளினிக். எங்கள் டோக்கன் 14. உள்ளே 6 போய்க்கொண்டிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொரியப் பாட்டி, இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மெல்லச் சுருட்டினார். முழங்கைக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டு வரைக்கும் ஒரு தழும்பு. நடுவே ஒரு கோடு, அதன் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகளாகத் தையல் தடம். நேராக, சீராக, ஒரு கைதேர்ந்த தையற்காரர் போட்ட மாதிரி இருந்தது.

“இது உங்க நாட்டு டாக்டர் போட்டது” என்றார்.

2011, ஆடி மாதம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் நான் மொழிபெயர்ப்பாளர். பகலில் ஷாப் ஃப்ளோரில் கொரியப் பொறியாளர் சொல்வதை நம் பையன்களுக்கும், பையன்கள் சொல்வதை அவருக்கும் சொல்வது வேலை. மாலையில் அந்தக் குடும்பங்களுக்கு வீட்டு ஓனரிடம் பேசுவது, காஸ் கனெக்‌ஷன் வாங்கித் தருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. இந்தப் பாட்டி எங்கள் மேனேஜரின் அம்மா. மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்க வந்திருந்தார். கொரிய வழக்கப்படி நான் அவரை ‘ஹல்மொனி’ என்று கூப்பிடுவேன், பாட்டி என்று அர்த்தம்.

அவருக்கு அப்போது ஒன்பது வயதாம். 1951. ஊர் சியோல். ஆனால் குடும்பத்தோடு தெற்கே தேகுவுக்கு அகதியாக ஓடி வந்திருந்தார்கள். சியோல் நகரம் ஒன்பதே மாதத்தில் நான்கு முறை கை மாறியது. 1950 ஜூனில் வடகொரியா பிடித்தது, செப்டம்பரில் அமெரிக்கப் படை மீட்டது, 1951 ஜனவரியில் சீனப் படை பிடித்தது, மார்ச்சில் மறுபடி மீண்டது. அந்த நகரத்தில் எந்தக் கொடிக்கு எப்போது கை தட்டுவது என்று தெரியாமல் மனிதர்கள் செத்தார்கள். தேகுவில் இடிந்த வீடு ஒன்றில் விறகு பொறுக்கப் போனபோது தகரம் கிழித்து, கை சீழ் பிடித்துவிட்டது. கையை எடுக்க வேண்டியிருக்கும் என்று யாரோ சொல்ல, அம்மா அவரை முதுகில் கட்டிக்கொண்டு இந்தியர்கள் நடத்திய ஆஸ்பத்திரிக்கு நடந்தாராம்.

“அரக்கு நிறத் தொப்பி போட்டிருந்தாங்க. டாக்டர் என் கையைப் பார்த்துட்டுத் தலையை இப்படி ஆட்டினார்.” பாட்டி நம்மைப் போலவே தலையை இரண்டு பக்கமும் அசைத்துக் காட்டினார். “எங்க ஊர்ல அப்படி ஆட்டினா இல்லைன்னு அர்த்தம். கை போச்சுன்னு அம்மா அழ ஆரம்பிச்சுட்டா. அவர் சரின்னுதான் சொல்லியிருக்கார்.”

பிறகு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “எங்க அப்பாவும் அம்மாவும் சாகிற வரைக்கும் இதுல சண்டை போட்டாங்க. இந்தியாக்காரன் கம்யூனிஸ்ட் பக்கம், ஐ.நா.வுல சீனாவுக்காகக் கை தூக்கினவன்னு அப்பா சொல்வார். என் பொண்ணு கையைக் காப்பாத்தினவன் எந்தப் பக்கமா இருந்தா எனக்கென்னன்னு அம்மா சொல்வா. நீ சொல்லும்மா, உங்க நாடு எந்தப் பக்கம்?”

எனக்குத் தெரியவில்லை. கொரிய மொழி படித்திருக்கிறேன், அவர்கள் சாப்பாடு தெரியும், கோபம் வந்தால் எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும் என்றுகூடத் தெரியும். இது தெரியாது. டோக்கன் 14 கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை கன்னிமாரா நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். அதன்பின் பல ஞாயிறுகள் அங்கேதான் போயின.

நடுநிலை என்றால் நம் ஊரில் இரண்டு படம் மனதில் வரும். ஒன்று மதில்மேல் பூனை. இன்னொன்று ஆலமரத்தடிப் பஞ்சாயத்துக்காரர். சட்டத்தில் அதற்கு ஒரு கறாரான பொருள் இருக்கிறது. 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைகள் சொல்வது இது: இரண்டு நாடுகள் போரிடும்போது ஒதுங்கி நிற்கும் நாட்டின் மண் வழியே எந்தப் படையும் போகக்கூடாது. அந்த நாடும் ஒருவருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு வேறு நியாயம் என்று நடக்கக்கூடாது. பதிலுக்கு அதன் மண்ணை யாரும் தொடக்கூடாது. காயம்பட்டவர்களைக் கொண்டுபோக வழி விடலாம், அதற்குத் தடையில்லை. சுவிட்சர்லாந்து இப்படித்தான் இருந்தது.

இந்தக் கணக்கில் பார்த்தால் கொரியப் போரில் இந்தியா நடுநிலை நாடே அல்ல. 1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படை 38ஆம் இணைகோட்டைத் தாண்டியது. அன்றே ஐ.நா. பாதுகாப்புச் சபை கூடி, வடகொரியா பின்வாங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அப்போது சபையின் தலைமை நாற்காலியில் இருந்தவர் இந்தியாவின் பி.என். ராவ். இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. தென்கொரியாவுக்கு உதவச் சொன்ன இரண்டாவது தீர்மானம் 27ஆம் தேதி வந்தபோது டெல்லியிலிருந்து உத்தரவு வரவில்லை, ராவ் வாக்களிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நேரு அமைச்சரவை அதையும் ஏற்றது. யார் முதலில் அடித்தது என்ற கேள்விக்கு இந்தியா மழுப்பவில்லை. இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அடித்தவனையும் அடி வாங்கியவனையும் ஒரே தட்டில் வைத்து ‘இருவரும் அமைதி காக்க வேண்டும்’ என்று சொல்வதை நடுநிலை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆனால் துப்பாக்கி அனுப்ப மாட்டோம் என்றார் நேரு. காஷ்மீர்ப் போர் நின்று ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. படை எல்லையில் நின்றது. அதைவிடப் பெரிய காரணம், இந்தச் சண்டை சீனாவையும் ரஷ்யாவையும் இழுத்து மூன்றாம் உலகப் போராகிவிடும் என்ற பயம். அந்தப் பயம் வீணல்ல. 1950 அக்டோபர் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். பீக்கிங்கில் சீனப் பிரதமர் சூ என்லாய் இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை எழுப்பி வரவழைத்தார். அமெரிக்கப் படை 38ஆம் கோட்டைத் தாண்டினால் சீனா இறங்கும் என்றார். டெல்லி அதை உடனே அமெரிக்காவுக்குச் சொன்னது. பணிக்கர் கம்யூனிஸ்ட்டுகளுக்கு நெருக்கமானவர், அவர் பேச்சை நம்ப முடியாது என்று வாஷிங்டன் தள்ளிவிட்டது. அந்த மாதமே சீனப் படைகள் யாலு நதியைக் கடந்தன. இருவரோடும் பேசக்கூடியவனாக ஒருவன் இருந்தும் அவன் சொல் ஏறவில்லை. அதற்குப் பிறகு எத்தனை உயிர் போயிற்று என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

பாட்டியின் அப்பா சொன்னதிலும் உண்மை இருந்தது. 1951 பிப்ரவரி 1 அன்று சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று ஐ.நா. பொதுச்சபை அறிவித்தபோது 44 நாடுகள் ஆதரித்தன, ஏழு எதிர்த்தன. அந்த ஏழில் சோவியத் அணியோடு பர்மாவும் இந்தியாவும். முத்திரை குத்திவிட்டால் அப்புறம் பேச்சுக்கு ஆள் எங்கே வரும் என்பது இந்தியாவின் வாதம். அதற்கு விலை கொடுத்தோம். அந்த வருஷம் மதராஸிலும் பிகாரிலும் மழை பொய்த்து, 20 லட்சம் டன் கோதுமை கேட்டு அமெரிக்காவிடம் நின்றுகொண்டிருந்தோம். கொரியாவில் எங்கள் பிள்ளைகள் சாகும்போது எதிராக ஓட்டுப் போட்டவனுக்குத் தானியமா என்று அங்கே காங்கிரஸில் கொந்தளித்தார்கள். மாதக்கணக்கில் இழுத்து, ஜூனில்தான், அதுவும் கடனாகத்தான் கோதுமை வந்தது. ரேஷன் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த ஓட்டுக்கும் தங்கள் பசிக்கும் இருந்த தொடர்பு தெரிந்திருக்குமா என்று யோசித்திருக்கிறேன்.

அரக்குத் தொப்பிக்கு வருகிறேன்.

துப்பாக்கிக்குப் பதிலாக இந்தியா அனுப்பியது 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவு. ஏறக்குறைய 350 பேர். தலைமை ஏற்றவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். தமிழர். பாராசூட்டில் குதித்த முதல் இந்திய அதிகாரி அவர்தான், 1941இல். பிரிவு 1950 நவம்பர் 20 அன்று பூசானில் இறங்கி, ரயிலில் வடக்கே பியோங்யாங் வரை போனது. போன சில நாளிலேயே சீனப் படை திரண்டு வர, ஐ.நா. படை முழுவதும் தெற்கே ஓட ஆரம்பித்தது. லாரி கிடையாது, சாமான்களை விட்டுவிட்டுப் புறப்படுங்கள் என்றார்கள். அறுவைக் கருவியும் மருந்தும் இல்லாத டாக்டர் எதற்கு என்று ரங்கராஜ் மறுத்துவிட்டார். ரயில்வே யார்டில் கைவிடப்பட்ட ஒரு நீராவி என்ஜினைக் கண்டுபிடித்தார்கள். பாய்லருக்குத் தண்ணீர் வேண்டும். உறைகிற குளிரில் வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கை மாற்றி ஊற்றினார்கள். பிரிவில் என்ஜின் ஓட்டக் கொஞ்சம் தெரிந்த சிப்பாய்கள் இருந்தார்கள். பாலங்கள் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்பு அந்த ரயில் ஆற்றைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்தது.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். வாளி என்ற இடத்தில் நிறுத்தி, “எத்தனை வாளி?” என்று கேட்டார். அந்தக் குளிரை அறிந்தவர் கேட்கும் கேள்வி.

பிறகு பிரிவு இரண்டானது. மேஜர் என்.பி. பானர்ஜி தலைமையில் ஒரு பகுதி தேகுவில் தங்கி, கொரியப் படை மருத்துவமனைக்கும் ஊர் மக்களுக்கும் வைத்தியம் பார்த்தது. பாட்டியின் தழும்பு அவர்கள் கைவேலை. மற்றவர்கள் ரங்கராஜோடு காமன்வெல்த் பிரிகேடின் பின்னால் போர்முனையில் இருந்தார்கள். 1951 மார்ச் 23 அன்று முன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தபோது, ரங்கராஜ் உட்பட 12 இந்தியர்களும் கூடவே குதித்தார்கள். ரங்கராஜ், பானர்ஜி இருவருக்கும் பின்னர் மகாவீர் சக்ரா கிடைத்தது. ரங்கராஜ் பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பை நடத்தினார். 2020இல் தென்கொரிய அரசு அவரைக் கொரியப் போர் நாயகராக அறிவித்துச் சிறப்பித்தது. நம் ஊரில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்?

ஒரு சேனையோடு சேர்ந்து குதித்த பிறகும் நீ நடுவில் நிற்பவனா என்று கேட்டால், அந்தப் பன்னிரண்டு பேர் அந்தக் காலையில் அமெரிக்கர் பக்கம்தான் இருந்தார்கள் என்றே நான் சொல்வேன். கீழே இறங்கிய பின் அவர்கள் முன் கிடந்த உடம்பு எந்தச் சீருடையில் இருந்தாலும் கட்டுப் போடுவது அவர்கள் தொழில். ஜெனீவா ஒப்பந்தம் கேட்பதும் அதுதான். பக்கத்தை எடுப்பதும் எடுக்காததும் ஒரே மனிதனுக்குள், ஒரே நாளில், அடுத்தடுத்து நடக்கிறது. இதை ஓட்டுக் கணக்கில் காட்ட முடியாது.

சண்டை ஓய்ந்த பிறகுதான் நடுவில் நிற்பதன் முழுக் கொடுமையும் இந்தியாவுக்குத் தெரிந்தது. 1951 ஜூலையில் சமரசப் பேச்சு தொடங்கியது, முடிய இரண்டு வருஷம். அதில் பெரும்பகுதி ஒரே முடிச்சில் நின்றது. பிடிபட்ட சீன, வடகொரியக் கைதிகளில் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்ப மாட்டோம் என்றார்கள். அனுப்பியே ஆகவேண்டும் என்றது ஒரு பக்கம், வலுக்கட்டாயமாக அனுப்ப மாட்டோம் என்றது மறுபக்கம். இந்தத் தர்க்கம் நடந்துகொண்டிருந்த மாதங்களிலும் மலைமேட்டில் பையன்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். 1952 கடைசியில் ஐ.நா.வில் வி.கே. கிருஷ்ணமேனன் ஒரு வழி சொன்னார். கைதிகளை ஒரு பொது ஆணையத்திடம் ஒப்படையுங்கள், அவரவர் விருப்பத்தைக் கேட்போம் என்றார். சோவியத் பிரதிநிதி விஷின்ஸ்கி அதைக் கடுமையாகத் தாக்கினார். டிசம்பர் 3 அன்று 54 நாடுகள் ஆதரித்தன. 1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது ஏறக்குறைய அந்த யோசனைதான் ஒப்பந்தத்தில் இருந்தது. ஆணையத்தில் ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, நடுவில் தலைவராக இந்தியா. ஜெனரல் திம்மையா ஆணையத் தலைவர், கைதிகளைக் காவல் காக்க மேஜர் ஜெனரல் தோரட் தலைமையில் ஏறக்குறைய 6,000 இந்தியச் சிப்பாய்கள்.

தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியச் சிப்பாயின் கால் எங்கள் மண்ணில் படக்கூடாது என்றார். அதனால் இன்சியோனுக்கு வந்த கப்பலிலிருந்து அவர்களை அமெரிக்க ஹெலிகாப்டர்களில் தூக்கி, இரு கொரியாக்களுக்கும் நடுவே இருந்த படையற்ற பகுதியில் நேராக இறக்கினார்கள். அங்கே போட்ட முகாமுக்கு ஹிந்த் நகர் என்று பெயர் வைத்தார்கள். காவல் காக்க வந்தவர்களைக் கைதிகள் கல்லெறிந்து வரவேற்றார்கள். முள்வேலிக்குள் கம்யூனிஸ்ட் எதிர்ப்புக் கைதிகளின் கும்பல் ஆட்சி. ஊருக்குப் போக ஆசைப்படுகிறவன் வாயைத் திறந்தால் இரவில் உயிரோடு இருக்க மாட்டான். ஒருநாள் ஓர் இந்திய மேஜரை உள்ளே இழுத்து அடைத்துக்கொண்டார்கள். தோரட் ஆயுதம் இல்லாமல் அந்தக் கூட்டத்துக்குள் நடந்து போய், பேசி, அவரை மீட்டு வந்தார். எல்லா நாளும் அப்படி முடியவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் கைதிகள் பாய்ந்தபோது காவலர்கள் சுட்டதில் சிலர் செத்தார்கள். கொல்ல மாட்டோம் என்று வந்தவர்கள் கையிலும் ரத்தம் பட்டது. இதை மறைத்துவிட்டு அந்தப் படையைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

ஊர் திரும்ப மறுத்து ஆணையத்திடம் வந்த கைதிகளில், தெற்கே பிடிபட்டிருந்தவர்கள் ஏறக்குறைய 22,600 பேர். வடக்கே 359 பேர், அதில் 23 அமெரிக்கர்களும் உண்டு. கூடாரத்தில் ஒவ்வொருவராக உட்கார வைத்து, அவரவர் நாட்டு அதிகாரிகள் ‘வீட்டுக்கு வா’ என்று பேசுவார்கள், ஆணையத்தார் சாட்சியாக இருப்பார்கள். இதற்கு ஒதுக்கிய 90 நாளில் உருப்படியாக நடந்தது ஏறக்குறைய பத்து நாள். மீதி நாள் கைதிகள் வர மறுத்தும், ஒரு தரப்பு நிறுத்தியும் கழிந்தது. டிசம்பர் 23இல் கெடு முடிந்தது. விடுதலை செய்யும் அதிகாரம் தனக்கில்லை, அடைத்து வைத்திருக்கவும் இல்லை என்று திம்மையா ஜனவரியில் கைதிகளை அவர்களைப் பிடித்தவர்களிடமே திருப்பி ஒப்படைத்தார். இந்தியா அமெரிக்காவின் கையாள் என்று ஒரு பக்கம் ஏசியது, கம்யூனிஸ்ட் கையாள் என்று மறுபக்கம் ஏசியது. ஊர்ப் பஞ்சாயத்தில் வேலித் தகராறு தீர்க்கப் போனவருக்கு இது புதிதல்ல.

2022 மார்ச்சில் உக்ரைன் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் இருந்தபோது, கம்பெனி பஸ்ஸில் இளைஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். வாக்கு என்பது ஒரு நிமிஷ வேலை. அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தோம் என்று யாருமே கேட்கவில்லை. கல்லடி படத் தயாரான 6,000 பேர், உறைபனியில் வாளி தூக்கிய 350 பேர் இல்லாவிட்டால், நடுவில் நிற்கிறேன் என்ற பேச்சுக்கு எடை எங்கிருந்து வரும்?

இன்னும் 88 பேர் கதை இருக்கிறது. கைதிகளில் 76 கொரியரும் 12 சீனரும் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்றார்கள். ஏதாவது ஒரு நடுநிலை நாட்டுக்கு அனுப்புங்கள் என்றார்கள். ஏற்றுக்கொள்ள உடனே யாரும் முன்வரவில்லை. ஊர் திரும்பிய இந்தியப் படையோடு ‘அஸ்டூரியாஸ்’ என்ற கப்பலில் அவர்களும் ஏறினார்கள். 1954 பிப்ரவரியில் அந்தக் கப்பல் வந்து சேர்ந்த இடம் நம் மதராஸ் துறைமுகம். டெல்லியில் படைக் குடியிருப்பில் இரண்டு வருஷம் போல் காத்திருந்து, பெரும்பாலோர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். சிலர் இந்தியாவிலேயே தங்கினார்கள். சோய் இன்-ஹுன் 1960இல் எழுதிய ‘சதுக்கம்’ நாவலின் நாயகன் இவர்களில் ஒருவன் மாதிரி. நாவலில் கப்பலின் பெயர் ‘தாகூர்’. அவன் வந்து சேரவில்லை, கடலில் குதித்துவிடுகிறான். கொரியாவில் அந்த நாவலை அறியாதவர் குறைவு.

ராஜாஜி சாலையில் துறைமுகத்தைத் தாண்டி எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்பேன். தெரியாது.

பாட்டி ஊர் திரும்ப நான்கு நாள் இருக்கும்போது இதை அவரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் தாய்மாமனைப் பற்றிச் சொன்னார். 1950 கோடையில் சியோலை வடகொரியர் பிடித்தபோது, தெருவில் நின்ற இளைஞர்களைத் ‘தொண்டர் படை’ என்று பிடித்துப்போனார்கள். மாமாவுக்குப் பத்தொன்பது வயது. அதன்பின் சேதியே இல்லை. செத்தாரா, பிடிபட்டாரா, வடக்கே மனைவி மக்களோடு வாழ்ந்தாரா, தெரியாது. “ஜுங்னிப்குக்” என்றார் பாட்டி, நடுநிலை நாடு. “அந்த எழுபத்தாறு பேர்ல ஒருத்தனா இருக்கலாம் இல்லையா?”

இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று எனக்குத் தோன்றியது. இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. துறைமுகத்தைக் காட்டு என்றார்.

அடுத்த நாள் காலை ஆட்டோவில் போனோம். வாசலில் காவலர் பாஸ் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “பாட்டியம்மாவை நிழல்ல உட்கார வைங்கம்மா, உள்ளே மட்டும் விட முடியாது” என்று தன் நாற்காலியைத் தந்தார். கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மதிலுக்கு மேலே கிரேன்களின் கழுத்து மட்டும் தெரிந்தது, கடல் தெரியவில்லை. பாட்டி உட்காரவில்லை. வாசலைப் பார்த்து மாமாவின் பெயரை ஒருமுறை சொன்னார். லாரிச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் முறை உரக்கச் சொன்னார்.

அப்புறம் என்னிடம், அந்தப் பெயரை உங்க எழுத்தில் எழுதிக் கொடு என்றார். கையில் வேறு தாள் இல்லை, மருத்துவரின் மருந்துச் சீட்டு இருந்தது. அதன் பின்பக்கம் எழுதினேன். கொரிய எழுத்தில் மூன்று கட்டம், தமிழில் ஏழு எழுத்து. ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரல் வைத்து, இது எந்தச் சத்தம், இது எந்தச் சத்தம் என்று கேட்டார். சொன்னேன். சீட்டை நான்காக மடித்து, தழும்பிருந்த கையின் சட்டை மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.